கழுவின தண்ணி எங்கே போகுது?

இயற்கை விவசாயத்துக்கு மாறின பல வீடுகளுக்குப் போய் வருகிறேன். யூரியா மூட்டை கிடந்த மூலையில் இன்றைக்கு ஜீவாமிர்த டிரம் நிற்கிறது. பூச்சிமருந்து டப்பா இருந்த பரணில் ஐந்திலைக் கரைசலுக்கான இலைகள் காய்கின்றன. பார்க்கவே மனசு நிறைகிறது. அப்படியே கொல்லைப்பக்கம் போனால் வேறு கதை. பாத்திரம் துலக்கும் கல்லின் மேல் பச்சைச் சோப்புக்கட்டி. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நீலப் பொடி. கழிப்பறைக்கு ஆசிட், தரைக்கு வாசனைத் திரவம், கைகழுவ இன்னொன்று, கண்ணாடி துடைக்க மற்றொன்று. இத்தனையும் கலந்த தண்ணி ஒரு சின்ன வாய்க்கால் வழியாக ஓடி வாழைக்கும் பப்பாளிக்கும் முருங்கைக்கும் பாய்கிறது.

வயலில் விளைவதைச் சந்தைக்கு அனுப்புகிறோம். இந்தக் கொல்லையில் விளைவதைத்தான் நம்ம பேரப்பிள்ளைங்க சாப்பிடுறாங்க. அதனால் நான் சொல்ல வருவது இதுதான்: வயலைத் திருத்தினவர்கள் கொல்லையையும் திருத்த வேண்டும். கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் கலக்கினது எல்லாம் நல்லது என்ற நினைப்பும் சரியில்லை. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பேசணும்.

மண்ணுக்கு வலிக்கிற இடம்

துணி சோப்புப் பொடியின் விளம்பரத்தில் நுரையையும் வெள்ளையையும் காட்டுவார்கள். பொடிக்குள் இருப்பதைப் பிரித்துப் பார்த்தால், அழுக்கை எடுக்கிற ரசாயனம் அதில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி சலவை சோடா, இடத்தை நிரப்ப சோடியம் சல்பேட், வாசனை, நிறம். பெயரைப் பார்த்தாலே தெரியும், எல்லாம் சோடியம் உப்பு.

களர் நிலம் வைத்திருப்பவர்களுக்கு சோடியம் என்றால் என்னவென்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. களிமண் துகளைச் சேர்த்துப் பிடித்து மண்ணைப் பொலபொலவென்று வைத்திருப்பது சுண்ணாம்புச் சத்து. அந்த இடத்தில் சோடியம் போய் உட்கார்ந்தால் துகள்கள் பிரிந்து, துளைகள் அடைந்து, மண் இறுகிப் போகும். தண்ணி விட்டால் உள்ளே இறங்காமல் தேங்கும். காய்ந்தால் மேலே ஓடு மாதிரி பொருக்குத் தட்டும். அதைத் திருத்தத்தான் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் தள்ளி வெளியே அனுப்பும். அதையும் நல்ல தண்ணி விட்டுக் கழுவி வடித்தால்தான் ஆகும்.

உங்கள் வீட்டில் துவைத்த தண்ணி போகும் இடத்தைக் கோடையில் ஒருமுறை குனிந்து பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? மண்வெட்டி இறங்க மறுக்கிறதா? வாழை இலையின் ஓரம் கருகுகிறதா? இருந்தால் உரம் போதவில்லை என்று இன்னொரு கூடை எருவைக் கொட்டுவதற்கு முன்னால், துவைக்கிற கல்லில் இருந்து என்ன வருகிறது என்று பாருங்கள்.

இது ஒரு வீட்டுக் கணக்கு. ஊர்க் கணக்கு இன்னும் பெரிசு. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணைத் தண்ணி நுரை பொங்கி வரும் படத்தைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். 2019 கடைசியில் சென்னை மெரினா கடற்கரையில் பஞ்சு மாதிரி நுரை ஒதுங்கியது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். ஆலைக்கழிவும் வீட்டுச் சாக்கடையும் சேர்ந்து செய்த வேலை அது. ஆலைக்காரனைத் திட்டுவோம், திட்டத்தான் வேண்டும். நம்ம பங்கு எவ்வளவு என்றும் கேட்டுக்கொள்வோம்.

வீட்டில் செய்ததெல்லாம் நல்லதா?

நம் நாட்டில் துணிசோப்புப் பொடி வீட்டுக்கு வீடு வந்த வரலாறு சுவையானது. சர்ஃப் 1959 வாக்கில் இங்கே வந்தது. விலை காரணமாக வசதியுள்ளவர்களோடு நின்றது. 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் என்ற வேதியியல் படித்த அரசு ஊழியர், தன் வீட்டுக் கொல்லையில் மலிவான பொடி ஒன்றைக் கலந்து, சைக்கிளில் வைத்து வீடு வீடாக விற்றார். தன் மகள் பெயரால் அதற்கு நிர்மா என்று பெயர் வைத்தார். பெரிய கம்பெனிகளே அதைக் கண்டு ஆடிப்போனது பிறகு நடந்த கதை.

இதை ஏன் சொல்கிறேன்? அதுவும் வீட்டில் செய்ததுதான், அதுவும் மலிவானதுதான். ஆக, வீட்டில் செய்தது, விலை குறைவு என்கிற இரண்டும் மட்டும் மண்ணுக்கு நல்லது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இன்றைக்குப் பயிற்சி வகுப்புகளிலும் செல்போனிலும் நிறைய செய்முறைகள் சுற்றுகின்றன. ஆப்ப சோடா, சலவை சோடா, கல்லுப்பு, வினிகர் இவற்றை மாற்றி மாற்றிக் கலக்குவதுதான் பாதிக்கு மேல். ஆப்ப சோடாவும் சோடியம், சலவை சோடாவும் சோடியம், உப்பும் சோடியம். அடுப்பு மேடையில் பிடித்த எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ஒரு சிட்டிகை எடுத்தால் குற்றமில்லை. அதையே கிலோக் கணக்கில் கலந்து தினமும் துவைத்து, அந்தத் தண்ணியை வாழைக்கு விட்டால், கடையில் வாங்கின பொடிக்கும் இதுக்கும் மண்ணைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை.

ஆப்ப சோடாவில் வினிகரை ஊற்றினால் புஸ்ஸென்று பொங்கும். பார்க்கிறவர்களுக்கு அழுக்கு பயந்து ஓடுகிற மாதிரி இருக்கும். உண்மையில் காரமும் புளிப்பும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, இரண்டின் வேலையும் கெட்டுப்போகிறது. பிசுக்குக்குக் காரம் வேண்டும். உப்புக்கறைக்கும் களிம்புக்கும் புளிப்பு வேண்டும். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டும் உழைக்கும்.

எங்கள் வீட்டில் நிலைத்தவை

34 வருஷம் வங்கியில் இருந்தவன் நான். எதையும் நோட்டில் எழுதிப் பார்க்காமல் நம்புகிற பழக்கம் கிடையாது. பலதையும் செய்து பார்த்ததில் நிலைத்தவை நாலைந்துதான்.

முதலில் பூந்திக்கொட்டை. பட்டுப்புடவைக்கும் தங்க நகைக்கும் நம் பாட்டிமார் எடுத்தது. நுரைக்குக் காரணமான சபோனின் அதன் தோலில் இருக்கிறது, விதையில் வேலையில்லை. விதை நீக்கின தோல் 100 கிராம், தண்ணி 1 லிட்டர். ராத்திரி ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறினதும் பிசைந்து துணியில் வடிகட்டணும். பாத்திரம் துலக்க, துணி அலச, தரை துடைக்க எல்லாத்துக்கும் இது ஒன்றே போதும். துவைக்கும் இயந்திரம் இருந்தால், ஏழெட்டுத் தோலைச் சின்னத் துணிப்பையில் கட்டித் துணியோடு போடலாம். வெதுவெதுப்பான தண்ணியில் நன்றாக இறங்கும். நுரை குறைவாகத்தான் வரும். நுரை இருந்தால்தான் அழுக்குப் போகும் என்பது விளம்பரம் சொல்லித் தந்த பாடம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வடித்த சாறு வெளியே இருந்தால் மூணு, நாலு நாளில் புளித்து நாற்றம் எடுக்கும். வேண்டும்போது வேண்டிய அளவு செய்வதே நல்லது. வெள்ளை வேட்டியை இதிலேயே துவைத்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் பழுப்பேறும். கண்ணில் பட்டால் எரியும். மீன் வளர்க்கிற குட்டைக்கு இந்தத் தண்ணியை விடவே கூடாது. சபோனின் மீனின் செவுளைத் தாக்கும். மீன்குட்டையில் வேண்டாத மீன்களை அழிக்க இலுப்பைப் புண்ணாக்குப் போடுவதும் அதே குணத்தால்தான்.

இரண்டாவது சாம்பல். விறகு, வறட்டி, தேங்காய் மட்டை எரித்த சாம்பலைச் சலித்து வைத்தால் எண்ணெய்ப் பாத்திரத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. அதில் உள்ள காரம் பொட்டாசியம் வழி வந்தது. எண்ணெயோடு சேரும்போது அங்கேயே கொஞ்சம் சோப்பாக மாறிப் பிசுக்கை எடுக்கிறது. கழுவின தண்ணியில் போகிற பொட்டாசியம் வாழைக்கு வேண்டிய சாம்பல்சத்து. துலக்குகிற பொருளே உரமாகிற அழகு இதில்தான். ஆனாலும் அளவு வேண்டும். ஏற்கெனவே காரத்தன்மை ஏறின மண்ணில் ஒரே இடத்தில் சாம்பல் தண்ணி தொடர்ந்து போகக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தைச் சாம்பல் கறுக்கவும் அரிக்கவும் செய்யும். பிளாஸ்டிக் பையைப் போட்டு அடுப்புப் பற்றவைக்கிற வீட்டுச் சாம்பலைத் தொடவே வேண்டாம்.

மூணாவது புளி. குழம்புக்குக் கரைத்து மிஞ்சின புளிச்சக்கையும் கொஞ்சம் சாம்பலும் அடுத்தடுத்துத் தேய்த்தால் பித்தளைக் குத்துவிளக்கும் செம்புக் குடமும் பளபளவென்று ஆகிவிடும். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும். இதுக்கென்று தனியாக ஒரு பைசா செலவில்லை. தேய்க்கத் தேங்காய் நாரும் முற்றின பீர்க்கங்கூடும் போதும்.

நாலாவது, பழத்தோல் கரைசல். வெல்லம் 1 பங்கு, எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோல் 3 பங்கு, தண்ணி 10 பங்கு. பிளாஸ்டிக் டிரம்மில் கால்வாசி இடம் காலியாக விட்டு மூடி வைத்து, முதல் மாதம் தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் வைத்து இறுக்கி மூடினால் வெடிக்கும். மூணு மாதம் கழித்து வடிகட்டினால் இளம் புளிப்பான கரைசல் கிடைக்கும். போர்த்தண்ணி உப்பு படிந்த வாளி, குழாய், கழிப்பறை இவற்றுக்கு நல்லது. கழிப்பறையில் ராத்திரி ஊற்றி வைத்துக் காலையில் தேய்த்துக் கழுவலாம். மார்பிள், கடப்பாக்கல் தரையில் ஊற்றக் கூடாது; இரண்டும் சுண்ணாம்பு வகைக் கல், புளிப்புப் பட்டால் பாலிஷ் போய்விடும்.

இந்தக் கரைசல் எல்லாக் கிருமியையும் கொல்லும் என்று சில இடங்களில் சொல்லுறாங்க. அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அழுக்கு நீக்குவது வேறு, கிருமி நீக்குவது வேறு. வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் கழிப்பறைக்குப் பிளீச்சிங் பவுடர்தான், கைக்குச் சோப்புதான். அதில் பிடிவாதம் காட்டுவது இயற்கை வாழ்க்கை ஆகாது. சாதாரண நாளில் தினமும் பிளீச்சிங்கும் ஆசிடும் ஊற்றுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். செப்டிக் டேங்கும் சாண எரிவாயுக் கலனும் நுண்ணுயிர்களால் ஓடுகிறவை. ஜீவாமிர்தத்தில் நுண்ணுயிரைப் பெருக்குகிற நாமே இந்தப் பக்கம் ஆசிட் ஊற்றி அவற்றைக் கொல்வது என்ன நியாயம்?

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள். வினிகரும் பழத்தோல் கரைசலும்கூட அதோடு சேரக் கூடாது. குளோரின் வாயு வரும். மூடின கழிப்பறையில் அது ஆளையே சாய்த்துவிடும். அதேபோல், காஸ்டிக் சோடா போட்டுச் சோப்பு காய்ச்சுவதைப் படித்துவிட்டு யாரும் தொடங்க வேண்டாம். தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தால் மட்டும் செய்யலாம். எதைச் செய்தாலும் பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுங்கள். குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். குழந்தை எடுத்துக் குடித்துவிடும்.

அரைக்கிறது யார்?

இந்த விஷயத்தில் ஆண்கள் பேசும்போது விட்டுப்போகிற பகுதி ஒன்று இருக்கிறது. இதை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி கேட்டார்: "நீங்க எழுதிட்டுப் போயிடுவீங்க. ஊர்ல இருக்கிற பொம்பளைங்க எல்லாம் உட்கார்ந்து அரைக்கணுமா?"

ரொம்பச் சரியான கேள்வி. சோப்புப்பொடி இந்த நாட்டுப் பெண்களின் முதுகுவலியைக் கொஞ்சம் குறைத்தது என்பதை மறைக்கக் கூடாது. உப்புத்தண்ணி உள்ள ஊர்களில் பழைய கட்டிச்சோப்பு நுரைக்காது; திரிந்து துணியில் ஒட்டும். அங்கே பொடி வந்தது ஒரு விடுதலை மாதிரிதான் இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, "பாரம்பரியம், பாரம்பரியம்" என்று சொல்லி வேலையை மட்டும் அவர்கள் தலையில் வைத்தால் அது இயற்கை வாழ்வியல் இல்லை, ஆம்பளைச் சோம்பேறித்தனம்.

எங்கள் வீட்டில் பூந்திக்கொட்டை உடைக்கிறதும் காய்ச்சுகிறதும் சாம்பல் சலிக்கிறதும் என் வேலை. பழத்தோல் டிரம் மூடியைத் திறந்து மூடுவதும் நான்தான். வாரத்தில் ஒரு மணி நேரம் ஆகும். பஞ்சகவ்யா கலக்கத் தெரிந்த கைக்கு இது கலக்கத் தெரியாதா என்ன? இந்த மாற்றத்தைத் தொடங்க நினைக்கும் ஆண்களுக்கு என் நிபந்தனை இதுதான்: செய்து தருகிற பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் பேசுங்கள்.

பணம் போகிற பாதை

இனி ஒரு வங்கிக்காரன் கணக்கு. ஒரு குடும்பம் கழுவ, துடைக்க, துவைக்க மாதம் 400 ரூபாய் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மளிகைச் சீட்டை எடுத்துச் சரிபாருங்கள், கூடவோ குறையவோ இருக்கலாம். வருஷத்துக்கு 4,800. 300 வீடு உள்ள கிராமத்தில் 14,40,000 ரூபாய். இத்தனையும் கடைக்காரர் கையில் ஒரு சின்னத் துண்டு நின்றுவிட்டு, மீதி ஊரை விட்டு வெளியே போகிற பணம். கடன் விண்ணப்பத்தில் 50,000 ரூபாய்க்கு எத்தனை கையெழுத்துப் போட்டு நின்றவர்கள் நம் ஜனங்கள் என்று எனக்குத் தெரியும்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா கணக்குத் தணிக்கை படித்தவர். 1934-ல் தொடங்கின அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தி, கிராமத்துப் பொருள் கிராமத்திலேயே பண்டமாக மாறணும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார். வேம்பு, புங்கம், இலுப்பை போன்ற சமையலுக்கு ஆகாத எண்ணெயில் சோப்புச் செய்வது கிராமத் தொழில் பட்டியலில் வெகுகாலமாக இருக்கிறது. நம்ம வேலியோரத்தில் புங்கங்காயும் வேப்பங்கொட்டையும் மட்கிக் கிடக்கின்றன. நாம் கடையில் போய் வேப்பெண்ணெய் சோப்பு கேட்கிறோம்.

இங்கே நம்ம இயற்கைச் சந்தைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை. பூந்திக்கொட்டைச் சாற்றைப் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து, பச்சை இலைப் படம் போட்டு, 200, 250 என்று விலை ஒட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அதில் பெரும்பகுதி தண்ணிதான். கெடாமல் இருக்க எதையாவது சேர்க்கவும் வேண்டியிருக்கும். பழைய கம்பெனியை விட்டுப் புதுக் கம்பெனிக்கு ஜனங்களை மாற்றுவது நம்ம வேலை இல்லை. விதை நீக்கின தோலாக விற்போம். செய்முறையைச் சீட்டில் அச்சடித்துக் கூடவே கொடுப்போம். மலையில் பூந்திக்கொட்டையும் சீயக்காயும் பொறுக்குகிற பழங்குடி மக்களிடம் நேராக வாங்கினால், அவர்களுக்கும் நியாயமான விலை போகும்.

மரம் நடுகிறவர்களும் இதை யோசிக்கலாம். பூந்தி மரம் நம்ம வறண்ட பூமிக்கு ஏற்றது. காய்ப்புக்கு வரச் சில வருஷம் ஆகும். வந்தபிறகு ஒரு மரம் ஒரு வீட்டின் தேவைக்கு மேலேயே கொடுக்கும். வரப்பில் தேக்கு நடுகிற கூட்டத்தில் ஒரு பூந்தி, ஒரு புங்கன், ஒரு இலுப்பை இருக்கட்டும். உசிலை இலையைக் காயவைத்து அரைத்தால் அரப்பு. தலைக்கும் ஆச்சு, எண்ணெய்ச் சட்டிக்கும் ஆச்சு.

எங்கே தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் போனால் வீட்டில் சண்டைதான் வரும். வயலை மாற்றும்போது ஒரு ஏக்கரில் தொடங்கினோம் இல்லையா, அதே மாதிரி செய்யலாம். முதல் மாதம் பாத்திரம் மட்டும். அடுத்து தரையும் கழிப்பறையும். துணியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத்துணிக்குக் கொஞ்சம் சோப்பு தொடர்ந்தாலும் பரவாயில்லை. அந்தத் தண்ணியை மட்டும் தனிவாய்க்காலில் பிரித்து, காய்கறிக்குப் போகாமல் கல்வாழையோ புல்லோ உள்ள குழிக்குத் திருப்பிவிடுங்கள். வாங்குகிற பொடியையும் அளவுபார்த்துப் போடுங்கள். பாக்கெட்டைச் சாய்த்துக் கொட்டுகிற பழக்கத்தை விட்டாலே செலவும் உப்பும் குறையும்.

ஆறு மாதம் கழித்து மூணு விஷயத்தைப் பாருங்கள்: மளிகைச் சீட்டு, துலக்குகிறவர் கை, வாழை அடியில் உள்ள மண். மூணும் சேர்ந்து சரி என்று சொன்னால் தொடருங்கள். ஏதாவது ஒன்று இல்லை என்றால், எந்த இடத்தில் பிசகுகிறது என்று பார்த்து மாற்றுங்கள். செய்து பார்த்தவர்கள் அளவோடும் குறையோடும் இந்த இதழுக்கு எழுதுங்கள். உப்புத்தண்ணி ஊர், நல்லதண்ணி ஊர், களிமண், செம்மண் என்று அனுபவம் மாறும். அதை ஒன்றாகச் சேர்த்தால், நம்ம இயக்கத்துக் கையிலேயே ஒரு நல்ல கைப்புத்தகம் இருக்கும்.